நிரையில் நிற்பவருக்கும் தராசில் பங்கு வேண்டும்

கொழுந்து எடுக்கும் பெண், தேயிலைச் செடியின் மேல் ஒரு மெல்லிய கம்பைக் கிடத்தி, அதற்கு மேலே தலைநீட்டும் அரும்பையும் இரண்டு இலையையும் மட்டும் கிள்ளுகிறார். மட்டக்கம்பு என்று அதற்குப் பெயர். செடியின் தலை பாய் விரித்ததுபோல் மட்டமாக இருந்தால்தான் அடுத்த சுற்றில் கொழுந்து ஒருசேரக் கிளம்பும். ஒருவர் அவசரத்தில் முற்றலை விட்டுவிட்டுப் போனாலும், பிஞ்சையும் சேர்த்து உருவினாலும், அதன் பலன் அன்று தெரியாது. ஒரு வாரம் பத்து நாள் கழித்து அதே நிரைக்கு, அதாவது செடி வரிசைக்கு, வருகிறவர்தான் அதை அனுபவிப்பார். அவர் வேறொரு பெண்ணாக இருக்கலாம். இலங்கையின் ஹட்டன், நுவரெலியா மலைகளில் கூட்டுழைப்பு என்பது இப்படி நாள் கடந்தும் ஒருவர் கையை இன்னொருவர் கை நம்பியிருக்கிற வேலை. இவ்வளவு பிணைந்த வேலைக்குத் தோட்டம் வகுத்த தலைமை, தொடக்கம் முதலே அந்தப் பிணைப்புக்கு வெளியில் நிற்கிறது. மலையகத்தின் பாதிக் குறை அங்கிருந்துதான் வருகிறது என்பது என் வாதம்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டபோது, ஆள் சேர்க்கும் முறை கோப்பிக் காலத்திலேயே ஊன்றியிருந்தது. பெரிய கங்காணி தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து உறவு, ஊர், சாதி வழியே ஆட்களைக் கூட்டிவந்தார். அந்நியக் காட்டில் அந்தக் கூட்டம் ஒரு துணைதான். காய்ச்சலில் கிடந்தால் கஞ்சி கொடுக்கவும், சாவு விழுந்தால் தூக்கவும் ஆள் இருந்தது. கங்காணி முறைக்காகப் பேசுகிறவர்கள் இதைச் சுட்டிக்காட்டுவார்கள், அதில் உண்மையும் உண்டு. ஆனால் வேலைக்கு வந்து நின்ற ஒவ்வொரு பேருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. வழிச்செலவும் முன்பணமும் தொழிலாளியின் தலையில் கடனாக ஏறின. அந்தக் கடனைத் துண்டு என்ற சீட்டில் எழுதி, ஆட்களோடு சேர்த்து அடுத்த தோட்டத்துக்கே மாற்ற முடிந்தது. துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. கூட்டத்தின் கடனில் பிழைக்கும் தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கூட்டத்தின் பக்கம் நிற்க முடியாது. 1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனில் தொழிற்சங்கம் கட்டியபோதும், அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுக் கட்டிப் பாடித் தொழிலாளரைத் திரட்டியபோதும், தோட்டத் துரையை எதிர்க்கும் துணிவோடு கங்காணியைத் தாண்டிவரும் துணிவும் சனங்களுக்குத் தேவைப்பட்டது. அந்தத் துணிவுக்கு விலையும் இருந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார்.

இன்று பெரிய கங்காணியின் ஆட்சி இல்லை. கிலோவின் ஆட்சி நடக்கிறது. தோட்டம் குறித்த எடையை எட்டினால் முழுப் பேர், அதாவது முழு நாட்சம்பளம்; குறைந்தால் அரைப் பேர். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்த பிறகு, பல தோட்டங்களில் அந்த எடை கூட்டப்பட்டதாகத் தொழிலாளர் முறையிட்டார்கள். பதம் பார்த்துக் கிள்ளுகிறவரின் கூடை மெதுவாக நிறைகிறது, உருவி எடுப்பவரின் கூடை சீக்கிரம் நிறைகிறது. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். நிரையைக் காப்பவர் நட்டப்படுகிறார். தனித்தனியே நிறுப்பதே நியாயம், இல்லாவிட்டால் கைவேகம் உள்ளவர் மந்தமானவருக்கும் சேர்த்து உழைக்க நேரும் என்பார்கள். கனமான மறுப்புத்தான். அதிகக் கிலோவின் காசு எடுத்தவருக்கே போகட்டும். ஆனால் இன்றைக்கு இந்த மலையில் எத்தனை கிலோ கிடைக்கும், மழை ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிக்கலாம் என்று முடிவெடுக்கும் இடத்தில் நிரையில் நிற்பவர்களும் இருக்க வேண்டும். கவ்வாத்துக்குப் பின் துளிர்த்த மலை எது, செடி செத்து வெட்டையான சரிவு எது என்று அவர்கள் கைக்குத் தெரியும். அவர்களிடம் விட்டால் அளவைத் தாழ்த்திவிடுவார்கள் என்று நிர்வாகம் அஞ்சலாம். ஆனால் இலங்கைத் தேயிலையில் பெரும்பங்கு இன்று சிறு தோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது. தன் செடிக்குத் தானே கணக்குப் பார்க்கும் குடும்பம் அங்கே குறைவாக எடுப்பதில்லை. சில பெருந்தோட்டக் கம்பனிகளே செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக்கொடுத்து வருமானத்தில் பங்கு தரும் முறையைத் தொடங்கியிருக்கின்றன.

கொழுந்து எடுப்பவர்கள் ஏறக்குறைய எல்லாரும் பெண்கள். பின்னால் நின்று ஏவும் இன்றைய கங்காணி, அதாவது வேலை மேற்பார்வையாளர், பெரும்பாலும் ஆண். 1984 வரை சம்பளமே ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. சங்கங்களின் தோட்டக் கமிட்டிகளில் மாதர் தலைவி என்று ஒரு பதவி உண்டு. ஆனால் ஆபீசுக்குப் பேசப் போகிறவர் அநேகமாகத் தலைவர்தான். பெண்கள் முன்வருவதில்லை என்கிறார்கள். முன்வருவது எந்த நேரத்தில்? கருக்கலில் எழுந்து, பிள்ளையைக் காப்பகமான பிள்ளைக் காம்பிராவில் விட்டு, காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, மாலையில் கடைசி நிறுவை முடித்து லயத்துக்குத் திரும்பியவர் அடுப்படியில் ரொட்டி தட்டும் வேளையில்தான் சங்கக் கூட்டம் கூடுகிறது. எல்லாப் பெண்களும் ஓரிடத்தில் கூடுகிற நேரம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: மத்தியான நிறுவையின்போது, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில். அங்கே அரை மணி நேரத்தைச் சம்பள நேரமாகவே ஒதுக்கி, கூடைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தை நடத்தட்டும். தராசின் முள்ளைப் படிக்க அவர்களில் ஒருத்தியை அவர்களே தேர்ந்து நிறுத்தட்டும்.