பூட்டிய வீடும் திறந்த கதவும்



பரங்கிப்பேட்டையிலோ, காரைக்காலிலோ, நாகூரிலோ உங்கள் பாட்டனார் கட்டிய முற்றத்து வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறதா? ஆண்டுக்கு ஒரு முறை பெருநாளை ஒட்டிச் சென்று திறந்து, ஒட்டடை அடித்து, "விற்றுவிடலாமா, இடித்து மாடி கட்டலாமா" என்று உடன்பிறந்தோர் கூடிப் பேசி, முடிவு காணாமல் மீண்டும் பூட்டிவிட்டுத் திரும்புகிறீர்களா? அப்படியானால் இக்கட்டுரை உங்களுக்காகவே எழுதப்படுகிறது. முடிவு எடுப்பதற்கு முன் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். வேறொருவருடைய பழைய வீட்டில், விருந்தினராக, ஓர் இரவு தங்கிப் பாருங்கள்.

வடக்குத்தில் வாழும் நமக்கு வீட்டின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1935-ஆம் ஆண்டில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கருநிறப் பொருள் வெளிப்பட்டது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957-இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது. அதற்காகச் சுற்றுப்புறச் சிற்றூர்கள் பல தம் வீடுகளையும் தோட்டங்களையும் கொடுத்துவிட்டு இடம்பெயர்ந்தன. திறந்தவெளிச் சுரங்கத்தில், வீடு நின்ற தரை கூட எஞ்சுவதில்லை. சென்று பார்த்துக் கண்ணீர் விடவும் அங்கே இடமில்லை. நகரியத்துக் குடியிருப்பில் வாழ்ந்தவர்களோ, பணி ஓய்வு பெற்றதும் சாவியை ஒப்படைத்துவிட்டு வெளியேற வேண்டியவர்கள். பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீடாயினும் அது நம்முடையதன்று.

இவை நம் கையில் இல்லாத இழப்புகள். ஆனால் எந்தச் சுரங்கமும் கேட்காத வீடு, இன்றும் நிற்கின்ற வீடு, நம் அசட்டையினால் மட்டுமே விழுமானால் அதற்கு யார் பொறுப்பு?

புதுவைக்கு ஒரு பயணம்

நகரின் நடுவே பழைய மாளிகையைச் செப்பனிட்டு, ஏழெட்டு அறைகளில் விருந்தினரை ஏற்கும் சிறு விடுதிகள் இத்தாலி நாட்டு நகரங்களுக்குப் பேர்போனவை. அத்தகைய ஒன்றைக் காண நாம் விமானம் ஏற வேண்டியதில்லை. வடக்குத்தில் பேருந்து ஏறிப் பண்ருட்டி, கடலூர் வழியாகச் சென்றால், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் புதுச்சேரி இருக்கிறது.

1674 முதல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே காலூன்றினர். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைக் கைப்பற்றி, சில ஆண்டுகளுக்குப் பின் திருப்பித் தந்தனர். சதுரங்கக் கட்டம் போன்ற அந்தத் தெரு அமைப்புக்கு வரைபடம் தீட்டியவர்கள் அவர்களே. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினர். 1765-இல் ஊர் திரும்பக் கிடைத்ததும் பழைய தெருக்களின் மேலேயே புதிய வீடுகள் எழுந்தன. ஒரு பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கடற்கரைப் பக்கம் பிரெஞ்சு நகரம். மேற்குப் பக்கம் தமிழ் நகரம். அத்தமிழ் நகரின் தென்பகுதியில், காஜியார் வீதியும் முல்லா வீதியும் உள்ள இடத்தில், நம்மவர் தெருக்கள் இருக்கின்றன. 1954-இல் பிரெஞ்சு ஆட்சி விலகியது. ஆயினும் வீடுகள் நின்றன.

தமிழ் நகரில் பெருமாள் கோயில் தெருவில் உள்ள 'மேசோன் பெருமாள்' அவ்வகை விடுதிகளுள் ஒன்று. ஒரு குடும்பம் வாழ்ந்த பழைய வீடே இன்று விருந்தினர் தங்கும் இடமாக இருக்கிறது. இது போன்ற வீடுகள் அந்நகரில் இன்னும் பல. அவற்றுள் எதில் தங்கினாலும் நீங்கள் முதலில் காண்பது தாழ்வாரத்தையும் திண்ணையையும்தான். வெயிலில் வந்த வழிப்போக்கர் அனுமதி கேளாமலே அமரக்கூடிய இடம் திண்ணை. அதைக் கடந்தால் நடை. நடையைக் கடந்தால் வானம் தெரியும் முற்றம். அதைச் சுற்றித் தூண்கள். கீழ்த்தளம் முழுதும் தமிழ் வீடு. படியேறி மேலே சென்றால் வளைவுச் சன்னல்களும் கைப்பிடிச் சுவர்களும் கொண்ட பிரெஞ்சுப் பாணி. ஒரே வீட்டில் இரண்டு நாகரிகங்கள் சண்டையின்றிக் குடியிருப்பதை அங்கே காணலாம்.

இரவில் முற்றத்தருகே சற்று உட்கார்ந்து பாருங்கள். வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலேறி வெளியேற, தெருப்பக்கத்துக் காற்று நடை வழியாக உள்ளே நுழைகிறது. தடித்த செங்கற்சுவர் பகல் வெயிலை எளிதில் உள்ளே விடுவதில்லை. "நம் வீட்டிலும் இப்படித்தானே இருந்தது!" என்று உங்கள் உம்மா சொல்லக் கூடும். அச்சொல்லைக் கேட்பதற்காகவே இப்பயணத்தை மேற்கொள்ளலாம்.

தங்குமுன் கேட்க வேண்டியவை

பெரிய விடுதிக்கும் சிறு விடுதிக்கும் வேறுபாடு உண்டு. நூறு அறைகள் உள்ள இடத்தில் ஓர் அறை பிடிக்கவில்லையென்றால் மாற்றிக் கொள்ளலாம். எட்டு அறைகள் உள்ள வீட்டில் அதற்கு வழியில்லை. ஆகவே முன்கூட்டியே சில வினாக்களைக் கேட்டுவிடுங்கள். பழைய வீட்டின் மாடிப்படிகள் செங்குத்தாகவும் குறுகலாகவும் இருக்கும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்குக் கீழ்த்தளத்தில் அறை உண்டா? குளியலறை அறையோடு சேர்ந்ததா? சன்னல் தெருவை நோக்கியதா, முற்றத்தை நோக்கியதா? சமையலில் எவ்வகை இறைச்சி பயன்படுகிறது? சைவ உணவு தனியே கிடைக்குமா? மது பரிமாறும் கூடம் அறைகளுக்கு அருகில் உள்ளதா? இவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். சிறு விடுதியின் சிறப்பே, கேட்டால் பதில் சொல்ல ஒரு மனிதர் இருக்கிறார் என்பதுதான்.

நீங்களும் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். அது ஒரு வீடு. மரத்தளத்தில் ஓடினால் கீழே உறங்குபவர் விழிப்பார். முற்றத்தில் உரக்கப் பேசினால் எல்லா அறைகளுக்கும் கேட்கும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பதும் பண்பாட்டுக் கல்வியே.

இத்தாலி சொல்லும் பாடம்

விடுதிக்கு அரபியில் 'ஃபுந்துக்' என்று பெயர். அச்சொல் கடல் கடந்து இத்தாலிக்குச் சென்று 'ஃபோந்தகோ' ஆயிற்று. வணிகர் தங்கவும் சரக்கு வைக்கவும் அமைந்த கட்டடத்துக்கு அப்பெயர். வெனிஸ் நகரின் பெருங்கால்வாய்க் கரையில் 1621 முதல் ஒரு மாளிகை உதுமானிய நாட்டு முஸ்லிம் வணிகர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. தங்கும் அறைகளோடு நீராடும் இடமும் தொழுமிடமும் அதனுள் இருந்தன. 1838 வரை அது அவ்வாறே பயன்பட்டது. இன்று அது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். அயல் நாட்டான் ஒருவனுக்குத் தங்க இடம் தருவதென்றால் அவன் பழக்கங்களுக்கும் இடம் தர வேண்டும் என்பதை அக்காலத்து வணிக நகரம் அறிந்திருந்தது.

பயணம் போகும் நம் குடும்பங்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்றும் அந்நாட்டில் உண்டு. 1975-ஆம் ஆண்டின் அரசாணைப்படி, இத்தாலியில் வீடு ஒவ்வொன்றிலும் ஒரு குளியலறையிலாவது நீரால் தூய்மை செய்துகொள்ளும் 'பிடே' என்னும் தனித்தொட்டி இருக்க வேண்டும். தண்ணீர் தேடித் தவிக்கும் நிலை ஐரோப்பாவின் பிற நாடுகளில் போல அங்கே நேர்வதில்லை.

இதனினும் பெரிய பாடம் வேறு. 1976-இல் வட இத்தாலியின் ஃபிரியூலிப் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியது. செப்பனிட்ட வீடுகளில் குடியிருக்க ஆளில்லை. அப்போது உருவான எண்ணமே 'சிதறிய விடுதி'. ஜியான்கார்லோ தல்லாரா என்பவர் அதற்கு வடிவம் கொடுத்தார். ஒரே கட்டடத்தில் ஐம்பது அறைகள் கட்டுவதற்குப் பதிலாக, ஊருக்குள் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் ஆங்காங்கே சில அறைகள். வரவேற்பு ஓரிடத்தில், உணவு ஓரிடத்தில். புதிதாக ஒரு செங்கலும் வைக்காமல் ஊரே விடுதியாகிவிடுகிறது. விருந்தினர் அந்தத் தெருவின் அண்டை வீட்டாராகிவிடுகிறார். நம் கடலோர ஊர்களில் ஒரே தெருவில் பத்து வீடுகள் பூட்டிக் கிடப்பதைக் காணும்போது இவ்வெண்ணம் தோன்றாமல் இருக்குமா?

எச்சரிக்கையும் அங்கேயே இருக்கிறது. வெனிஸ் நகரின் பழைய நடுப்பகுதியில் 1951-இல் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022-இல் அவ்வெண்ணிக்கை 50,000-க்கும் கீழே இறங்கியது. வேலை தேடியும் வாடகை தாளாமலும் மக்கள் வெளியேறினர். வீடுகள் பயணிகளின் அறைகளாயின. விருந்தினர் பெருகி வீட்டார் இல்லாத ஊருக்கு விருந்தோம்பல் ஏது? எனவே எல்லா வீட்டையும் விடுதியாக்குவது தீர்வன்று. குடியிருப்போரும் விருந்தினரும் ஒரே தெருவில் இருப்பதே தீர்வு.

புதுவைக்கும் இத்தாலிக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. இந்தியத் தேசியக் கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளை 1984 முதல் புதுவையில் பழைய வீடுகளைக் காக்கும் பணியைச் செய்து வருகிறது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, இத்தாலியின் உர்பினோ நகரமும் பிரான்சின் ஒரு நகரமும் புதுவையுடன் கைகோத்தன. அதன் பயனாக வைசியாள் வீதியின் வீட்டு முகப்புகள் பழைய தோற்றத்தைப் பெற்றன. 2008-இல் யுனெஸ்கோ அத்தெருவுக்கு விருதளித்தது. பரிசு பெற்றது அரண்மனையன்று, சாதாரணத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த தெரு என்பதைக் கவனியுங்கள்.

மகளுக்குக் கட்டிய வீடு

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் 'விசாலம்' என்றொரு விடுதி இருக்கிறது. 1930-களில் ஒரு தந்தை தம் மகளுக்காகக் கட்டிய மாளிகை அது. அம்மகளின் பெயரே விடுதிக்கும் பெயராயிற்று. இதைப் படித்ததும் காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் நினையாதார் உண்டோ? பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்து மணமுடிப்பது அவ்வூர்களின் நெடுநாள் வழக்கம். அங்கே வீட்டின் உரிமையாளர் பெரும்பாலும் பெண்களே. ஆகையால் பழைய வீட்டை என்ன செய்வது என்ற ஆலோசனையில் உம்மாவும் சகோதரிகளும் அடுப்படியில் இருந்துகொண்டு செவிமடுப்பவர்களாக இருத்தல் கூடாது. நடுவீட்டில் அமர்ந்து முடிவு சொல்பவர்களாக இருக்க வேண்டும்.

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசையாகக் காண்போம்.

முதலாவது, உரிமை. பாட்டனார் பெயரிலேயே பத்திரம் இருந்தால் வாரிசுகள் யார் யார், அவரவர் பங்கு என்ன என்பதை எழுத்தில் தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பியின் கையொப்பம் இன்றி எடுத்த முடிவுகளே பிற்காலத்தில் வழக்காகின்றன.

இரண்டாவது, கூரை. பழைய வீட்டைக் கொல்வது முதுமையன்று, ஒழுக்கு. ஓர் ஓடு நழுவி, மழைநீர் உத்திரத்தில் இறங்கி, ஈர மரத்தைக் கறையான் பற்றிவிட்டால் வீடே ஆட்டம் காணும். புதுவையின் பழைய நகராட்சி மண்டபம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது; கவனிப்பாரின்றிக் கிடந்து, 2014 நவம்பரில் மழையில் இடிந்து விழுந்தது. பின்னர் பெரும் பொருட்செலவில் அதே வடிவில் மீண்டும் எழுப்பினர். நம் வீட்டுக்கு அவ்வாறு செலவிட எவர் வருவார்?

மூன்றாவது, சுண்ணாம்பு. சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய சுவர் ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளிவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிப் பூச்சு உப்பி உதிரும். பழுது பார்க்கும்போது பழைய முறையறிந்த கொத்தனாரையே அழையுங்கள்.

நான்காவது, சிறிதாகத் தொடங்குதல். மத்திய அரசின் சுற்றுலாத் துறைத் திட்டம் ஒன்றின்படி, உரிமையாளர் குடும்பம் அதே வீட்டில் வாழ்ந்துகொண்டே ஒன்று முதல் ஆறு அறைகள் வரை, அதாவது 12 படுக்கைகள் வரை, விருந்தினருக்கு விடலாம். வீட்டோடு இருக்கும் ஒரு சகோதரிக்கோ கைம்பெண்ணான ஒரு மாமிக்கோ அது கௌரவமான வருவாயாக அமையும். எவருக்கும் விட விருப்பமில்லையா? அதுவும் சரியே. ஒழுக்கை அடைத்து, மாதம் ஒரு முறை கதவைத் திறந்து காற்றுப்படச் செய்யுங்கள். வீடு உங்களுக்காகக் காத்திருக்கும்.

விற்பதே சரியென்று தோன்றும் குடும்பங்களும் உண்டு. கடன் கழுத்தை நெரிக்கும்போது, மகளின் படிப்பு காத்திருக்கும்போது, சுவரைக் கட்டிக்கொண்டு அழச் சொல்லவில்லை. விற்பதாயினும் விலை அறிந்து விற்க வேண்டும். மண்ணின் விலையை மட்டும் எண்ணி, தேக்கு உத்திரத்தையும் தூண்களையும் குப்பையாகக் கருதி விற்றுவிட்டால், வாங்கியவர் அதே தூண்களை நல்ல விலைக்கு வேறொரு விடுதிக்காரருக்கு விற்பார்.

வாசகர்களே! நம் ஊரைச் சுற்றிப் பல வீடுகள் திரும்பிப் பார்க்கவும் வழியின்றிப் போய்விட்டன. அவ்வீடுகளில் பிறந்த முதியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். திறக்க ஒரு கதவு இருந்தால் போதும் என்பார்கள். உங்களுக்கு அக்கதவு இருக்கிறது. சாவியும் உங்கள் அலமாரியில் இருக்கிறது. வரும் பள்ளி விடுமுறையில் புதுவையில் ஓர் இரவு தங்குங்கள். மறுநாள் வீடு திரும்பாமல், நேரே உங்கள் பாட்டனார் வீட்டுக்குச் சென்று கதவைத் திறங்கள். பிறகு கூடி அமர்ந்து பேசுங்கள். இம்முறை முடிவு காணாமல் பூட்ட மாட்டீர்கள்.