பெரிய ரேடியேட்டர் மாட்டியும் பழைய லாரி மேலுமலை ஏற்றத்தில் ஏன் கொதிக்கிறது?

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குப் போயிருக்கிறீர்களா? மேலுமலை ஏற்றத்தில், பாரம் ஏற்றிய பழைய லாரி ஒன்று ஓரங்கட்டி நீராவி கக்கிக்கொண்டு நிற்கலாம். சமவெளியில் சமர்த்தாக வந்த வண்டிக்கு இங்கே என்ன வந்தது?

டீசல் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ கால் பங்கு, இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இறங்குகிறது. அதை ஆற்றுவது ரேடியேட்டர்.

சூடான காபியை டவராவில் ஊற்றினால் சீக்கிரம் ஆறும். பரப்பு கூடுகிறதே! ஊதினால் இன்னும் சீக்கிரம். ரேடியேட்டர்தான் டவரா, ஊதுவது ஃபேன்.

சமவெளியில் வண்டியின் வேகமே ஊதிவிடும். ஏற்றத்தில் இன்ஜின் முக்கி முனகும், வண்டியோ ஊர்ந்து போகும். அப்போது ஃபேன் ஒன்றே கதி. அதைச் சுற்றியுள்ள கூடு உடைந்திருந்தால்? ஃபேன் வெளிக்காற்றை இழுக்காமல், இன்ஜின் பக்கத்துச் சூட்டையே சுற்றவிடும். புதிதாக மாட்டிய பெரிய ரேடியேட்டர் தடிமனாக இருந்தால் காற்று நுழைவதே பாடு. டவரா பெரிசு, ஊத ஆளில்லை!

ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியின் ஸ்பிரிங் அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் கொதிநிலை 110 டிகிரியைத் தாண்டும். தளர்ந்த மூடிக்கு அந்தச் சக்தி கிடையாது.

தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம்மூர் வைத்தியம். பல இன்ஜின்களில் அது வினையாகும்: தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் திரும்பிவிடும்.

முதலில் கூடு, மூடி, ஃபேன் பெல்ட்டைச் சரிசெய்யுங்கள், ரேடியேட்டரில் அடைப்பு இருந்தால் நீக்குங்கள். அப்புறமும் கொதித்தால் மட்டும் புது ரேடியேட்டருக்குப் பணம் எடுங்கள்.