உங்களுக்குத் தெரியுமா? பூட் ஆன சிடியே பிறகு காணாமல் போகும்!

பழைய கணினியில் லினக்ஸ் சிடியைப் போட்டால் மெனு வரை ஒழுங்காக வரும். என்டர் தட்டியதும், சிடி டிரைவே இல்லை என்று நின்றுவிடும். டிரைவ் போய்விட்டது என்று கழற்றிவிடாதீர்கள். மெனு வரை சிடியைப் படிப்பது பயாஸ். அதற்குப் பிறகு லினக்ஸின் மையப்பகுதியான கர்னல் தன் சொந்த டிரைவர் மென்பொருளால் படிக்கிறது. பிராசஸரைத் தொந்தரவு செய்யாமல் நேரே நினைவகத்துக்குத் தரவை அனுப்பும் டிஎம்ஏ முறையில்தான் சில பழைய டிரைவ்கள் திணறும்.

சிடி டிரைவுக்கு டிஎம்ஏவை நிறுத்த, கிரப் என்ற பூட் நிரல் காட்டும் அந்த மெனுவில் ஆங்கில 'இ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, 'லிபாட்டா.டிஎம்ஏ=1' என்று ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்து எஃப்10 தட்டுங்கள். இனி டிஎம்ஏ ஹார்டு டிஸ்க்குக்கு மட்டும்தான், சிடி டிரைவுக்கு இல்லை. 0 என்று கொடுத்தால் இரண்டுக்குமே நின்று, ஹார்டு டிஸ்க்கும் வேகம் இழக்கும். அதனால் முதலில் 1 போட்டுப் பார்ப்பதே நல்லது.

2.4 காலத்துக் கர்னல்களில் இதற்கு 'ஐடிஇ=நோடிஎம்ஏ' என்று கொடுப்பார்கள். அதை ஏற்றுக்கொண்ட பழைய ஐடிஇ டிரைவர் மென்பொருள், 2021இல் வந்த 5.14 கர்னலில் நீக்கப்பட்டது.

கிரப்பில் இப்படிச் சேர்ப்பது அந்த ஒரு பூட்டுக்கு மட்டுமே. பலிக்காவிட்டால் ரீஸ்டார்ட் செய்தால் போதும், பயமின்றிச் சோதித்துப் பாருங்கள்.