ஆதாமை நம்பினால்தான் வேலையா? அமெரிக்க கிறிஸ்தவக் கல்லூரிகளில் பேராசிரியர்கள் போடும் கையெழுத்து

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் டேட்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்குள்ள பிரையன் கல்லூரியின் அறங்காவலர் குழு 2014-ல் ஒரு 'விளக்கம்' வெளியிட்டது. ஆதாமும் ஏவாளும் வரலாற்றில் வாழ்ந்த மனிதர்கள். கடவுள் அவர்களைத் தனியாகப் படைத்தார். முன்பிருந்த எந்த உயிரினத்திலிருந்தும் அவர்கள் வரவில்லை. இதை ஏற்றுக் கையெழுத்து போட்டால்தான் பேராசிரியர்களுக்கு அடுத்த ஆண்டு வேலை.

விசுவாச அறிக்கை என்றால் என்ன?

கல்லூரி எதை நம்புகிறது என்று எழுதி வைத்திருக்கும் ஆவணம்தான் விசுவாச அறிக்கை. அமெரிக்காவின் பல இவாஞ்சலிக்கல் கல்லூரிகளில் வேலைக்குச் சேரும்போதே இதில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். சில இடங்களில் வருஷா வருஷம் போட வேண்டும்.

இது சட்டப்படி சரியா?

சரிதான். 1964-ம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டம், மத நிறுவனங்கள் தங்கள் மதத்தைச் சேர்ந்தவர்களையே வேலைக்கு எடுக்க அனுமதிக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கத்தின் 1940-ம் ஆண்டு அறிக்கையும், மத நோக்கத்தால் கட்டுப்பாடு இருந்தால் அதை நியமனத்தின்போதே எழுத்தில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்கிறது. சரி, சேர்ந்து பல வருஷம் கழித்து நிபந்தனை மாறினால்?

பிரையனில் என்ன நடந்தது?

மனிதனின் தோற்றம் கடவுளின் கட்டளையால், ஆதியாகமம் சொல்கிறபடி நடந்தது என்று மட்டுமே பழைய அறிக்கை சொன்னது. பரிணாமத்தின் வழியாகக் கடவுள் படைத்தார் என்று நினைப்பவரும் அதில் மனசாட்சிப்படி கையெழுத்து போட முடிந்தது. அந்த இடைவெளியைத்தான் புதிய விளக்கம் அடைத்தது. விசுவாச அறிக்கையை மாற்றக் கூடாது என்பது கல்லூரியின் சாசனம். அதனால்தான் அதை 'திருத்தம்' என்று சொல்லாமல் 'விளக்கம்' என்றார்கள். கல்லூரித் தலைவர் மீது நம்பிக்கையில்லை என்று ஆசிரியர்கள் பெருவாரியாக வாக்களித்தார்கள். இரண்டு பேராசிரியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அது சமரசத்தில் முடிந்தது. வேறு சிலர் கல்லூரியை விட்டே போய்விட்டார்கள்.

ஏன் ஆதாமில் வந்து நிற்கிறது?

பூமியின் வயது பற்றிப் பல கல்லூரிகள் விட்டுக்கொடுக்கின்றன. ஆதாம் விஷயம் அப்படி இல்லை. ஒரு மனிதனால் பாவம் உலகத்துக்குள் வந்தது என்று ரோமர் நிருபத்தில் பவுல் எழுதுகிறார். ஆதாம் இல்லையென்றால் மீட்பு என்பதன் அடித்தளமே ஆடிவிடும் என்பது அவர்கள் பயம். மரபணு ஆய்வுகளோ, மனித இனம் ஒரே ஒரு ஜோடியிலிருந்து அல்ல, ஆயிரக்கணக்கானோர் கொண்ட கூட்டத்திலிருந்து வந்தது என்கின்றன.

எல்லாக் கல்லூரியும் இப்படித்தானா?

இல்லை. இல்லினாய் மாநிலத்தின் வீட்டன் கல்லூரி, ஆதாமும் ஏவாளும் மனித குலம் முழுமைக்கும் வரலாற்றுப் பெற்றோர், கடவுள் நேரடியாகப் படைத்தவர்கள் என்கிறது. பூமியின் வயதைப் பற்றி அதன் அறிக்கையில் பேச்சே இல்லை. அந்த இடைவெளிக்குள் நின்று ஐந்து வீட்டன் பேராசிரியர்கள், பிரபஞ்சம் முதல் மனிதர் வரையிலான தோற்றக் கோட்பாடுகளை விளக்கும் பாடநூலையே 2018-ல் வெளியிட்டார்கள்.

மிச்சிகனின் கால்வின் பல்கலைக்கழகத்தில் பரிணாமத்தைப் பாடமாக நடத்தத் தடையில்லை. ஆனால் ஆசிரியர்கள் ஏற்க வேண்டிய ஆவணங்கள் 1561-க்கும் 1619-க்கும் இடையே எழுதப்பட்டவை. டார்வினின் நூல் வந்ததோ 1859-ல். ஆதாமை வரலாற்று மனிதராகக் கொள்வதைக் கேள்வி கேட்டு 2010-ல் அங்கே இரண்டு சமயவியல் பேராசிரியர்கள் கட்டுரை எழுதினார்கள். அவர்களில் ஒருவர் மறு ஆண்டே கல்லூரியை விட்டு விலகினார்.

இதனால் என்ன பாதிப்பு?

வேலை போனவர்கள் கதை வெளியே தெரிந்துவிடுகிறது. வீட்டுக் கடனையும் பிள்ளைகளின் படிப்பையும் நினைத்து வாயை மூடிக்கொண்டவர்கள் கதை தெரிவதில்லை. இங்கே பேராசிரியர்கள் எல்லாரும் ஒரே கருத்துடையவர்கள் என்று சொன்னால், அது நம்பிக்கையா, கையெழுத்தின் விளைவா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

பிரையன் கல்லூரி 1930-ல் தொடங்கப்பட்டது. பரிணாமம் கற்பித்த ஆசிரியர் ஜான் ஸ்கோப்ஸ் மீது 1925-ல் டேட்டனில் நடந்த வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனின் பெயர்தான் அதற்கு. அதே வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறிய பிரையன், படைப்பின் நாட்கள் 24 மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று ஒப்புக்கொண்டார். அந்த அளவு நெகிழ்வைக்கூட ஏற்காத கல்லூரிகள் இன்றும் அமெரிக்காவில் இருக்கின்றன.