அடைப்பை அளக்கும் ஒளி

ஆஞ்சியோகிராம் படத்தில் இதய ரத்தக் குழாயில் 60 சதவீத அடைப்பு தெரிகிறது. ஸ்டென்ட் வைப்பதா, மாத்திரை போதுமா? படத்தை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்வது கடினம். குழாய் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைப் படம் காட்டும். அந்த இடுக்கைத் தாண்டி இதயத் தசைக்குப் போதிய ரத்தம் போகிறதா என்பதைக் காட்டாது. அதைச் சொல்வது அழுத்தம்.

நெதர்லாந்தின் நிகோ பைல்ஸ், பெல்ஜியத்தின் பெர்னார்ட் டி ப்ரெய்ன ஆகிய மருத்துவர்கள் 1990களில் நிலைநிறுத்திய கணக்கு எளிமையானது. மருந்து கொடுத்து ரத்த ஓட்டத்தை உச்சத்துக்குக் கொண்டுவந்து, அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கிறார்கள். முன்னால் 100, பின்னால் 75 என்றால் விகிதம் 0.75. இது 0.80க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஸ்டென்ட் தேவைப்படாது.

கணக்கு எளிது, அளப்பதுதான் பாடு. அளப்பதற்காக ரத்தக் குழாய்க்குள் போகும் கம்பியின் தடிமனே 0.36 மில்லிமீட்டர். அதன் நுனியில் மின் உணரியை வைத்தால், நேரம் போகப்போக அளவு மெல்ல நகர்ந்துவிடுவதுண்டு. 0.79ஆ 0.81ஆ என்று தீர்மானிக்கும் இடத்தில் மூன்று நான்கு புள்ளிப் பிசகு சிறிய விஷயமல்ல.

இங்கேதான் ஒளியிழை கைகொடுக்கிறது. அந்தக் கம்பிக்குள் தலைமுடியைவிடச் சற்றே தடித்த கண்ணாடி இழை. அதன் முனையில் ஒரு நுண்ணிய இடைவெளி. அதை மூடிய மெல்லிய சவ்வு. உள்ளே அனுப்பும் ஒளியில் ஒரு பங்கு இழையின் முனையில் பட்டுத் திரும்பும். இன்னொரு பங்கு சவ்வில் பட்டுத் திரும்பும். மழைத் தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலம் நிறம் நிறமாய் மின்னுகிறதே, அதைப் போல இவ்விரண்டும் கலந்து குறிப்பிட்ட நிறங்களைத் தூக்கிக் காட்டும். ரத்தம் சவ்வை அழுத்தினால் இடைவெளி குறையும், நிறக்கோலம் மாறும். அந்த மாற்றத்தைக் கருவி அழுத்தமாகப் படித்துச் சொல்கிறது. பிரான்சின் இயற்பியலாளர்கள் ஃபேப்ரியும் பெரோவும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ட அதே தத்துவம்தான் இது. கம்பியின் நுனியில் மின்சாரமே இல்லாததால் ஈரமும் மின்காந்த இரைச்சலும் அளவைக் குலைப்பதில்லை.

அழுத்தத்தை அளந்து முடிவெடுப்பதன் பலனை 2009இல் வெளியான ‘ஃபேம்’ ஆய்வு காட்டியது. பங்கேற்ற 1,005 பேரில், படத்தை மட்டும் பார்த்துச் சிகிச்சை பெற்றவர்களுக்குச் சராசரியாக 2.7 ஸ்டென்ட், அழுத்தமும் அளக்கப்பட்டவர்களுக்கு 1.9. ஓராண்டுக்குள் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைச் சந்தித்தோர் முன்னவரில் 18.3 சதவீதம், பின்னவரில் 13.2 சதவீதம்.

மாரடைப்பு வந்து துடிப்பவருக்கு அடைத்த குழாயை உடனே திறக்க வேண்டும். அங்கே அழுத்தம் அளப்பதற்காகக் காத்திருக்கக் கூடாது. ஆனால், யோசிக்க அவகாசம் உள்ள நிலையில், நடுத்தர அடைப்புக்கு ஸ்டென்ட் என்று சொன்னால், “அழுத்தம் அளந்து பார்த்தீர்களா, டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள்.