பழைய பேயும் புதிய அச்சமும்

அச்சமும் ஒரு சுவையே என்று நம் முன்னோர் கண்டனர். மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றார். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. வருத்தும் தெய்வமும் பேயும் அணங்கினுள் அடங்கும். தம்மை ஆள்வோரிடத்துத் தோன்றும் அச்சம் இறை என்பதனுள் அடங்கும். பண்டு வகுக்கப்பட்ட இப்பாகுபாடு, இன்று கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் ஆடப்பெறும் திகில் விளையாட்டுகளை ஆராய்வதற்கும் துணைசெய்கின்றது.

இவ்விளையாட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் பூதங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று ஜாம்பி எனப்படும் நடைப்பிணம். இதன் பிறப்பிடம் ஹைத்தி நாடு. கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக உழன்ற ஆப்பிரிக்க மக்களிடையே உருவான நம்பிக்கை இது. உயிர் பிரிந்த பின்னும் உடல் எழுப்பப்பட்டு, பிறன் ஒருவனுக்கு உழைத்துக்கொண்டே இருக்கும் என்பதே அவர்கள் அச்சம். சாவும் தங்களை விடுவிக்காது என்று ஓர் அடிமை நடுங்கிய நடுக்கம் அக்கதையில் உறைந்துள்ளது. 1968-இல் ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய அமெரிக்கத் திரைப்படம் இப்பிணங்களை மனிதரைத் தின்னும் கூட்டமாக மாற்றியது. 1996-இல் ஜப்பானியக் கேப்காம் நிறுவனம் வெளியிட்ட ரெசிடென்ட் ஈவில் அவற்றை விளையாட்டு உலகில் நிலைபெறச் செய்தது. அதன்பின் எண்ணற்ற விளையாட்டுகளில் அவை சுடப்படுவதற்கென்றே வந்து நிற்கின்றன. தோட்டமும் அடிமையும் மறைந்துவிட்டமையால், அணங்கு வெறும் இலக்காகிவிட்டது. பழகிய பேய்க்கு அஞ்சுவார் இல்லை.

பழகிப்போன பேய்க்கு மீண்டும் உயிரூட்ட வழி என்ன? கோரைப்பல்லையும் குருதியையும் மிகுதிப்படுத்துவதால் பயனில்லை. அப்பேயை அது பிறந்த மண்ணோடும், அம்மண்ணின் மக்கள் மெய்யாகவே அஞ்சிய ஒன்றோடும் சேர்த்தல் வேண்டும். நாட்டுப்புறக் கதை இதற்கு இருவகையில் உதவுகின்றது. பேய்க்கு ஒரு காரணத்தைத் தருவது ஒன்று. பேயும் கட்டுப்பட வேண்டிய ஒரு விதியைத் தருவது மற்றொன்று.

இந்தோனேசியாவின் பாண்டுங் நகரத்தார் 2014-இல் வெளியிட்ட டிரெட்அவுட் என்னும் விளையாட்டில் போச்சோங் என்ற பேய் வருகின்றது. அடக்கத்தின்போது பிணத்துணியின் முடிச்சுகளை அவிழ்க்காமல் விட்டால், ஆவி அத்துணியிலேயே சிக்கித் திரியும் என்பது அந்நாட்டு நம்பிக்கை. இறந்தவர்க்குச் செய்யவேண்டிய கடனில் நேர்ந்த குறையே அங்குப் பேயாகின்றது. தைவான் நாட்டு ரெட் கேண்டில் குழுவினர் 2017-இல் வெளியிட்ட டிடென்ஷன் என்னும் விளையாட்டோ, இராணுவச் சட்டம் நிலவிய 1960-களின் பள்ளி ஒன்றில் நிகழ்வது. பேய் நெருங்குங்கால் மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும் என்ற பழைய நம்பிக்கையே அதில் ஆட்டத்தின் விதி. வாய்திறந்து பேசினால் சிறை என்றிருந்த காலத்தில், மூச்சடக்கி நிற்றல் பேய்க்கு மட்டுமா? அணங்கின் பின்னே இறை நிற்கின்றான். தொல்காப்பியர் கூறிய இரண்டு அச்சங்கள் அங்கு ஒன்றாகிவிடுகின்றன.

இனி, நம்மில் பலர் குடியேறி வாழும் பெங்களூர் நகரத்திற்கு வருவோம். 1990-களில் இந்நகரில் ஒரு கதை பரவிற்று. இரவில் ஒரு பேய் கதவைத் தட்டும். தாயின் குரலிலோ உறவினர் குரலிலோ அழைக்கும். திறந்தவர் உயிர் பிழையார் என்றனர். அதனைத் தடுக்க மக்கள் தம் கதவுகளில் ‘நாளே பா’ என்று கன்னடத்தில் எழுதிவைத்தனர். நாளை வா என்பது அதன் பொருள். பேய் வந்து அதைப் படிக்கும், திரும்பிச் செல்லும், மறுநாள் வரும், மீண்டும் அதையே படிக்கும்.

கதவைத் தட்டும் பேய் உலகெங்கும் உண்டு. ஆயின், எழுத்தறிந்த பேயும், எழுதியதை மீறாத பேயும் அரியன. மந்திரமும் வேப்பிலையும் செய்யாததை ஒரு சுண்ணக்கட்டி செய்துவிடுகின்றது. நம் கடைவீதிகளில் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று எழுதிவைக்கும் வணிகர் கையாள்வதும் இதே சூழ்ச்சி அன்றோ! மொழி நோக்கிலும் இது நமக்கு அணுக்கமானது. தமிழில் வகரத்தில் தொடங்கும் சொற்கள் பல கன்னடத்தில் பகரம் பெறும். வாழை பாளே ஆகும். வெள்ளி பெள்ளி ஆகும். வா என்பது பா ஆகும். அப்பேய் தமிழர் வீட்டு வாயிலுக்கு வந்தாலும் பாதி விளங்கிக்கொள்ளும்!

2018-இல் வெளிவந்த ஸ்திரீ என்னும் இந்தித் திரைப்படம் இக்கதையை மத்தியப் பிரதேசத்துச் சந்தேரி நகருக்குக் கொண்டுசென்றது. அங்கு ஆடவரே பேய்க்கு இரையாவோர். ஆகவே இரவில் தனியே செல்ல அஞ்சுவோரும் அவர்களே. பெண்டிர் நாள்தோறும் அறிந்த அச்சத்தை ஆடவர் தலையில் ஏற்றிவைத்த அளவில், பழைய பேய் புதிய பேயாயிற்று. விதியை மாற்றாமல், அஞ்சுவோரை மட்டும் மாற்றியதால் விளைந்த பயன் இது.

இதே கதையைப் பீன்யாவில் நிகழும் ஒரு விளையாட்டாக எண்ணிப் பாருங்கள். 1970-களில் உருவான அத்தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளும் முலாம் பூசும் பட்டறைகளும் ஆயத்த ஆடை ஆலைகளும் நெருங்கி நிற்கின்றன. 2014 முதல் மெட்ரோ இரயிலும் அவ்வழியே செல்கின்றது. இரவு முறை வேலைக்குச் செல்வோர் வாழும் இடத்தில், நள்ளிரவில் கதவு தட்டப்படுதல் வியப்பன்று. வேலை முடிந்து வீட்டுக்குரியவரே வந்து தட்டுவார். அங்குத் திறவாதிருப்பதும் இடர், திறப்பதும் இடர். வெளியே நிற்பது தந்தையா, தந்தையின் குரலா? உள்ளிருக்கும் சிறுமி எப்படித் தெளிவாள்? பேய் குரலைக் கற்றிருக்கலாம், ஊர்ப்பேச்சைக் கற்றிராது. தருமபுரிப் பக்கத்துச் சிற்றூரில் பாட்டி வழங்கிய ஒரு சொல்லை அவள் கேட்கலாம். விடை வந்தால் கதவு திறக்கும். இவ்விளையாட்டில் படைக்கலம் துப்பாக்கி அன்று; மறவாது காத்த தாய்மொழியே ஆகும்.

நம் கதைக் கருவூலத்தில் இத்தகைய விதிகள் மிகப்பல. பழையனூர் நீலியை நினைவுகூர்வோம். முற்பிறப்பில் தன்னைக் கொன்றவனை அவள் பின்தொடர்கின்றாள். அவன் கையில் காப்பாக ஓர் வாள் இருத்தலின் நெருங்க இயலவில்லை. எனவே கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி ஏந்திவந்து, கைவிடப்பட்ட மனைவியாக ஊரவை முன் முறையிடுகின்றாள். வேளாளர் எழுபதின்மர் அவளை நம்பி, அவன் உயிருக்குத் தாமே பிணைநின்று, வாளை வாங்கிவைத்து, அவளுடன் இருக்கச் செய்கின்றனர். அவன் மாள்கின்றான்; சொன்ன சொல் காக்க எழுபதின்மரும் தீப்பாய்கின்றனர். நீலி கதவை உடைக்கவில்லை. நல்லோரின் இரக்கத்தையே கருவியாக்கிக்கொண்டாள். ஆயினும், அநீதியாகக் கொல்லப்பட்டவளும் அவளே. அவளை வெறும் கோரைப்பல் உருவமாகத் தீட்டினால் கதையின் உயிர் போய்விடும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். அணங்கு என்னும் சொல் தெய்வத்தையும் குறிக்கும். இசக்கியும் முனியும் சுடலைமாடனும் ஒருவர்க்குத் திகில் உருவங்கள்; மற்றொருவர்க்குக் குலதெய்வங்கள். வழிபடுவோரைக் கேளாமல் அவர்தம் தெய்வத்தைச் சுடுபொருளாக்குதல் முறையன்று.

அதனினும் பெரிதாய் எண்ணத்தக்கது ஒன்றுண்டு. கதவருகே நிற்கும் அயலான் யார் என்ற அச்சம் கதையோடு நிற்பதில்லை. 2018 மே மாதத்தில் பெங்களூர்ச் சாமராஜப்பேட்டையில், குழந்தை பிடிப்பவர் என்ற வதந்தியால், இராஜஸ்தானத்திலிருந்து பிழைக்க வந்த ஓர் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் செய்த குற்றம் அயலாராக இருந்ததே. வேற்று மாநிலத்தில் வாழும் நாம் அனைவரும் யாரோ ஒருவர் கதவுக்கு அயலாரே. ஆகவே, நாட்டுப்புறப் பேயை விளையாட்டாக்குவோர், அதன் முகத்தில் எந்த மனிதரின் சாயல் விழுகின்றது என்று பார்த்தல் கடன். அச்சத்தின் வேரை ஆராய்வது கலை. அதனை எளியோர்மேல் ஏவுவது கொடுமை.

நம் பிள்ளைகள் ஜாம்பியை அறிவர். கொள்ளிவாய்ப் பிசாசை அறியார். உச்சிவேளையில் புளியமரத்தடிக்குச் செல்லாதே என்று பாட்டிமார் ஏன் தடுத்தனர் என்பதையும் அறியார். விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால் அக்கதைகளைக் கேட்டு வாருங்கள். பேயின் உருவத்தை மட்டும் கேளாமல், அது ஏன் வந்தது, எதற்குக் கட்டுப்படும் என்பனவற்றையும் கேளுங்கள். அவ்விரண்டும் கைவசம் இருப்பின், நாளை பீன்யாவில் வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளையே உலகம் வியக்கும் விளையாட்டு ஒன்றைப் படைத்தல் கூடும்.