நுரைச்சோலைக் கோப்பைத் திறக்க ஒரு மாணவர் வேண்டும்

2004 சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக, அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் கொடையில் 500 வீடுகள் கட்டப்பட்டன. எந்த இனத்தவருக்கு எத்தனை வீடு என்று பகிர்ந்தளிப்பதில் பிணக்கு எழுந்து, விடயம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2009இல் தீர்ப்பும் வந்தது. ஆனாலும் கதவு திறக்க ஆளில்லாமல் வீடுகள் ஆண்டுக்கணக்கில் பற்றைக்குள் கிடந்தன.

பணம் இருந்தது, காணி இருந்தது, கட்டடமும் முடிந்திருந்தது. அப்படியானால் முறிந்தது எந்த இடத்தில்? காணியை ஒதுக்கியது எந்த அதிகாரத்தின் கீழ்? பயனாளிகள் பட்டியலை யார் தயாரித்தார்கள்? இனவிகிதம் பற்றிய கேள்வியை அத்திவாரம் போடுமுன்பே ஏன் ஒருவரும் தீர்க்கவில்லை? அரசறிவியலிலும் பொதுக்கொள்கையிலும் முதுமாணி செய்யும் நம் பிள்ளைகள் தூக்கிச் சுமக்கவேண்டிய கேள்விகள் இவை. மேடையில் பேசித் தீராதவை. கோப்பைப் புரட்டி, கச்சேரியில் காத்திருந்து, அகதி முகாமில் இருந்தவரிடம் கேட்டுத்தான் விடை எடுக்கலாம்.

சட்டத்தின் ஒரு வரி ஊரின் தலைவிதியை மாற்றும் என்பதை இந்தக் கிழக்குக் கரை நன்றாக அறியும். 1988இல் அரசியலமைப்பின் பதினைந்தாவது திருத்தம், பாராளுமன்ற ஆசனம் பெறுவதற்கான மாவட்ட வெட்டுப்புள்ளியை 12.5 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்தது. எம்.எச்.எம். அஷ்ரப் அதற்காக வாதாடினார். அடுத்த ஆண்டுத் தேர்தலில் அவருடைய முஸ்லிம் காங்கிரஸுக்கு நான்கு ஆசனங்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் உருவானதும் அவர் முயற்சியில்தான். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறுவருடமே பல்கலைக்கழகமானது.

ஆய்வுக்குக் காத்திருக்கும் கேள்விகள் இன்னும் உண்டு. அதே ஒலுவிலில் துறைமுகம் கட்டிய பிறகு வடக்கே கரையைக் கடல் தின்கிறது, துறைமுக வாயிலை மணல் மூடுகிறது. சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை என்று 2020 பெப்ரவரியில் வர்த்தமானி வந்து, சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லித் தமிழ்ச் சகோதரர்கள் பல்லாண்டாகக் கேட்கிறார்கள். முஸ்லிம்களுக்கோ எல்லை குறித்த அச்சம். சாய்ந்தமருது, கல்முனை வடக்கு ஆகிய இரு கோரிக்கைகளையும் ஒரே ஆய்வேட்டில், ஒரே அளவுகோலால் அளக்கும் துணிவுள்ள மாணவரை நான் எதிர்பார்க்கிறேன். தன் ஊருக்கு வக்காலத்து வாங்கினால் அது ஆய்வாகாது.

ஆய்வேட்டைத் தமிழில் எழுதட்டும். ஒரு பிரதியைப் பல்கலைக்கழக நூலகத்திலும், இன்னொன்றைக் கல்முனை மாநகர சபையிலும் வைக்கட்டும். வரி கட்டுகிறவரும் கூட்டத்துக்கு வரும் உறுப்பினரும் அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்கட்டும்.